சிறு வாணிபமும் பெயரட்டையும்

பெயரட்டை அடிப்பது பெரிய கம்பனிக்காரரின் வேலையென்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அது தவறு.

மூதூருக்குத் தெற்கே, மட்டக்களப்பு வீதியில் உள்ளது நமது கிளிவெட்டி. 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின், தோணித்துறையிற் காத்திராது இவ்வழியே பலர் செல்கின்றனர். ஒருவர் வண்டியை நிறுத்திச் சட்டித் தயிர் வாங்குகிறார். வீடு சென்று சுவைத்தபின் மீண்டும் வேண்டுமென விரும்புகிறார். விற்றவர் பெயரோ தொலைபேசி இலக்கமோ அவரிடம் இல்லை. தயிர் நன்றாயிருந்தும் வாடிக்கை கைநழுவுகிறது.

இதற்குப் பொன்னெழுத்து வேண்டியதில்லை. ஏ-4 அளவு மட்டைத்தாள் ஒன்றில், 85க்கு 55 மில்லிமீற்றர் அட்டைகள் 10 அடங்கும். றப்பர் முத்திரையொன்று செய்துகொண்டால் அச்சுக்கூலியும் மிச்சம். பெயர், பொருள், இடம், இலக்கம் ஆகிய நான்கும் போதும். வழிப்போக்கரை எண்ணிச் சிங்களத்திலும் பொறித்தல் நன்று.

பின்புறத்திலே தயிர் உறையிட்ட திகதியைக் கையால் எழுதுவோம். சட்டியின் வாயை மூடும் தாளோடு சேர்த்து அட்டையையும் நூலாற் கட்டுவோம். பெயரும் திகதியும் எழுதிக் கொடுத்தவர் பழைய தயிரைப் புதிதென்று விற்க இயலாது. பழுதிருப்பின் அவரையே கேட்பார்கள். அப்பொறுப்பை ஏற்பவரிடமே வாங்குவோர் மீண்டும் வருவர்.