எமது இல்லக் கணினிக்கு எந்த லினக்ஸ்?

2025 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14 ஆம் திகதியுடன் மைக்ரோசொவ்ற் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கி வந்த வழமையான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11, பழைய கணினிகள் பலவற்றை ஏற்றுக்கொள்வதில்லை. பழுதேதுமின்றி இயங்கும் கணினியை ஒதுக்கிவிட்டுப் பல நூறு டொலர் கொடுத்துப் புதியதொன்று வாங்கத்தான் வேண்டுமா என்று மொன்றியல் வாழ் தமிழ்ப் பெற்றோர் பலர் கேட்கின்றனர். வேண்டியதில்லை என்பதே எமது கருத்து. லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம் அக்கணினிகளுக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயுள் கொடுக்கும்.

இம்மாகாணத்திலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. கியூபெக் ஓய்வூதிய அரச அமைப்பு, 7 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட மைக்ரோசொவ்ற் மென்பொருள்களைக் கேள்விப்பத்திரம் கோராமலே வாங்கியது. மொன்றியலைச் சேர்ந்த சவுவார்-ஃபெயர் லினக்ஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அக்கொள்வனவு சட்டத்துக்கு ஒவ்வாதது என 2010 இல் கியூபெக் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லினக்ஸே சிறந்தது என்று நீதிமன்றம் கூறவில்லை; வேறு வழி உண்டா என்று தேடிப் பாராமல் வாங்கியதையே தவறென்றது. குடும்பங்களுக்கும் அது பொருந்தும் அல்லவா?

இனி, எந்த லினக்ஸ்? மாணவர்க்காகச் சற்று விளக்குவோம். 1991 இல் பின்லாந்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்டது இயங்குதளத்தின் கருப்பகுதியை மட்டுமே. அதனுடன் வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்துப் பொதி செய்து தருவதையே வழங்கல் என்கிறோம். அரிசி ஒன்றுதான், ஒரு வீட்டில் பொங்கல், மறு வீட்டில் பிட்டு. 1993 இல் டெபியன் தோன்றியது. அதிலிருந்து 2004 இல் உபுண்டுவும், உபுண்டுவிலிருந்து 2006 இல் மின்ற்றும் பிறந்தன. இன்று நூற்றுக்கணக்கான வழங்கல்கள் உள்ளன. அவற்றுள் எது உயர்ந்தது என ஆர்வலர்கள் ஓயாது வாதிடுவர். அவ்வாதங்களால் எமக்குப் பயன் சொற்பமே.

எமது உரைகல் வேறு. எமது சிறார் கிழமை நாட்களில் பிரெஞ்சிலும் வார இறுதியில் தமிழிலும் எழுதுகின்றனர். கியூபெக்கின் பிரெஞ்சு மொழிச் சாசனம், பிரெஞ்சுப் பதிப்பு உள்ள மென்பொருள் இங்கே பிரெஞ்சில் கிடைத்தாக வேண்டுமென விதிக்கின்றது. தமிழுக்கு அவ்வாறு விதிப்பார் எவருமிலர். நாமே விதித்துக்கொள்ள வேண்டும். தமிழ் விசைப்பலகை இல்லாத கணினியில் பிள்ளை தமிழ் எழுதப்போவதில்லை.

லினக்ஸில் ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையையும் எம்17என் தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99, இலங்கையின் ரங்கநாதன், ஒலிபெயர்ப்பு ஆகிய முறைகள் யாவும் கிடைக்கும். பிள்ளைகள் நாடுவது ஒலிபெயர்ப்பையே. அது எளிது, ஆயினும் ஒவ்வொரு சொல்லையும் முதலில் ஆங்கில எழுத்தாக எண்ண வைத்துவிடுகின்றது. ந, ன, ண வேறுபாடு அங்கே மங்கிப்போகின்றது. 1999 இல் சென்னை மாநாட்டில் ஏற்கப்பட்ட தமிழ்99 இல் இம்மூன்றுக்கும் தனித்தனி விசைகள் உண்டு. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டல் போதும். புள்ளி தானே விழும். பாடசாலையில் இதையே கற்பிக்க வேண்டுமென்பதில் எமக்கு ஐயமில்லை.

இன்னொன்று, எல்லோரும் ஒரே வழங்கலையே கைக்கொள்ள வேண்டும். கேரள அரசு பாடசாலைகளுக்கென உபுண்டுவைத் தழுவித் தனி வழங்கல் ஒன்றை ஆக்கி, ஆசிரியர்களையும் அதிலேயே பயிற்றியது. தமிழ்நாட்டில் 2011 இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பொஸ் லினக்ஸும் ஏற்றப்பட்டிருந்தது. இரண்டையும் அருகருகே வைத்தால் கை பழகிய பக்கமே போகும். கேரளத்தின் வழியே எமக்கு உகந்தது. எல்லா வீட்டிலும் ஒரே திரை இருந்தால், ஒரு பெற்றோர் கற்றதை மற்றவருக்குத் தொலைபேசியிலேயே சொல்லிக் கொடுக்கலாம்.

ஆகவே நாம் முன்மொழிவது லினக்ஸ் மின்ற். விண்டோஸ் பழகியவருக்கு அதன் திரை அந்நியமாய்த் தோன்றாது. பழைய கணினிக்கு அதன் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு ஏற்றது. நிறுவுமுன் யுஎஸ்பி குச்சியிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். தொழிலுக்கு விண்டோஸில் மட்டும் இயங்கும் மென்பொருள் தேவைப்படுவோர் அந்தக் கணினியை மாற்றாதிருப்பதே நலம். படங்களையும் கோப்புகளையும் முன்னதாகவே வேறிடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் அமைந்த பழைய வினாத்தாள்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் பணியை ஆசிரியரும் மூத்த மாணவரும் இவ்வாண்டே தொடங்கலாம்.