பத்து ரூபாய்க்கு யூனிட்டு... வாங்கலையோ வாங்கலை!

போன ஞாயித்துக்கிழமை சித்தப்பா போன் பண்ணினார். குரல்ல அப்படி ஒரு குஷி.

"டேய், அஞ்சாயிரம் யூனிட் வச்சிருந்தேன்ல? இப்ப அறுபதாயிரம் யூனிட்டுடா!"

எனக்கு வயித்துல புளியைக் கரைச்சது. விசாரிச்சா, பேங்க்குல இருந்து ஒரு தம்பி வீட்டுக்கே வந்திருக்கார். "சார், உங்க ஃபண்டோட என்.ஏ.வி 120 ரூபாய். ரொம்ப காஸ்ட்லி. புதுசா என்.எஃப்.ஓ வந்திருக்கு, யூனிட் வெறும் பத்து ரூபாய்"னு சொல்லியிருக்கார். ரிட்டயர்மென்ட் பணம் ஆறு லட்சம். மனுஷன் பழசை வித்து புதுசுல போட்டுட்டார்.

மக்களே, இந்தப் 'பத்து ரூபாய் மலிவு'ங்கிற கதையை விடுறவங்களைத் திட்டறதுக்குத்தான் இந்தப் பதிவு.

என்.ஏ.வின்னா என்ன? ஃபண்ட் கையில இருக்கிற ஷேர், பாண்டு, ரொக்கம் எல்லாத்தையும் அன்னிக்கு விலையில கூட்டி, குடுக்க வேண்டிய கடன், செலவைக் கழிச்சு, மொத்த யூனிட்டால வகுத்தா வர்ற எண். அம்புட்டுதான். ஷேர் விலை மாதிரி ஆள் முட்டி மோதி ஏத்தி விடற விலை இல்லை. ஒரு தட்டு மைசூர்பாகை பத்துத் துண்டா வெட்டினா ஒரு துண்டு பெருசு, நூறு துண்டா வெட்டினா சின்னது. நீங்க குடுக்கிற காசுக்கு எடை ஒண்ணுதான்.

கணக்கு போட்டே பார்த்துடுவோம். ஒரு லட்சம் ரூபாய்க்கு பத்து ரூபாய் யூனிட் 10,000 கிடைக்கும், நூறு ரூபாய் யூனிட் 1,000 கிடைக்கும். ரெண்டு ஃபண்டும் 12 சதவீதம் ஏறுதுன்னு வைங்க. 10,000 x 11.20 = 1,12,000. 1,000 x 112 = 1,12,000. எங்கேய்யா இருக்கு மலிவு?

இதுல இன்னொரு கொடுமை. சித்தப்பாவோட பழைய ஃபண்ட் டைரக்ட் பிளான். 2014ல நான்தான் போட்டுக் குடுத்தேன். 2013 ஜனவரி 1லேர்ந்து எல்லா ஃபண்ட் கம்பெனியும் டைரக்ட் பிளான் குடுக்கணும்னு செபி சொல்லிடுச்சு. ஒரே ஸ்கீம், ஒரே மேனேஜர், ஒரே ஷேர்கள், ஆனா என்.ஏ.வி ரெண்டு. டைரக்டோட என்.ஏ.விதான் எப்பவும் ஒசத்தி. ஏன்னா ஏஜென்ட் கமிஷன் அதுல இருந்து போறதில்லை. அதாவது என்.ஏ.வி கூட இருக்கிறதே செலவு கம்மிங்கிறதுக்கு சாட்சி. அதைக் காட்டித்தான் 'காஸ்ட்லி'ன்னு சொல்றாங்க!

அந்தத் தம்பிக்கு ஏன் இவ்வளவு அக்கறை? பழைய ஃபண்டுல பேங்க்குக்குச் சல்லிக்காசு கிடையாது. புதுசுல, பணம் அங்க இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் கமிஷன். சித்தப்பாவுக்கு? வித்ததுல வந்த லாபம் வருஷத்துக்கு 1.25 லட்சத்தைத் தாண்டிட்டதால மேல உள்ளதுக்கு 12.5 சதவீதம் வரி. புது யூனிட்டுக்கு 0.005 சதவீதம் ஸ்டாம்ப் டூட்டி (அது முப்பது ரூபாய்தான், விட்டுடலாம்). ஒரு வருஷத்துக்குள்ள வெளிய வந்தா 1 சதவீதம் எக்ஸிட் லோடு வேற.

"மார்க்கெட் இன்னிக்கு இறங்கியிருக்கு, உடனே செக் குடுங்க, இன்னிக்கு ரேட்டுல போட்டுடறேன்"னு ஒரு டயலாக் இருக்கு. அதையும் நம்பாதீங்க. 2021 பிப்ரவரி 1லேர்ந்து எவ்வளவு சின்னத் தொகையா இருந்தாலும், பணம் ஃபண்டோட கணக்குக்கு மதியம் 3 மணிக்குள்ள வந்து சேர்ந்தாத்தான் அன்னிக்கு என்.ஏ.வி. (லிக்விட், ஓவர்நைட் ஃபண்டுக்கு மட்டும் வேற கணக்கு.) செக் கிளியர் ஆகறதுக்குள்ள மார்க்கெட் எங்க இருக்குமோ? அன்னிக்கு என்.ஏ.வியே சந்தை மூடின அப்புறம்தான் கணக்காகும். வாங்கற நேரத்துல விலை யாருக்குமே தெரியாது. அதுதான் நியாயமும்கூட. தெரிஞ்ச பழைய விலைக்கு வாங்க விட்டா, விவரம் தெரிஞ்சவன் லாபத்தை அள்ளிட்டுப் போவான், நஷ்டம் உள்ள இருக்கிற மத்தவங்க தலையில விழும்.

சந்தேகமா? நம்ம அப்பா தலைமுறையைக் கேளுங்க. யூ.டி.ஐயோட யூ.எஸ்-64. 1964ல ஆரம்பிச்சது. வாங்கற விலையும் விக்கிற விலையும் என்.ஏ.வியைப் பார்த்து இல்லாம அவங்களா வச்ச விலை. சனங்க பேங்க் டெபாசிட் மாதிரி நம்பிப் போட்டாங்க. உள்ள இருந்த சொத்து மதிப்பு அந்த விலையை விடக் கீழ போனப்ப, பெரிய கம்பெனிகள் முன்கூட்டியே நல்ல விலைக்கு வித்துட்டு வெளிய வந்துட்டாங்க. 2001 ஜூலை 2ஆம் தேதி விற்பனை, திரும்ப வாங்கறது ரெண்டையும் நிறுத்தினாங்க. மாட்டினது சின்ன முதலீட்டாளர்கள். 2002 ஜனவரில இருந்துதான் என்.ஏ.வி கணக்குக்கே வந்தாங்க.

அதனால என்.ஏ.வி பெருசா இருக்கேன்னு பயப்படாதீங்க. அதைச் சொல்லிப் பயமுறுத்தறவனைப் பார்த்துப் பயப்படுங்க. எல்லா என்.எஃப்.ஓவும் மோசம்னு நான் சொல்லலை. உங்ககிட்ட இல்லாத ஏதோ ஒரு வகை ஃபண்டா இருந்தா யோசிக்கலாம். ஆனா 'பத்து ரூபாய்' மட்டும் ஒருநாளும் காரணம் ஆகாது.

சித்தப்பாகிட்ட மேல சொன்ன கணக்கை ஒரு தாள்ல எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தார். "அப்ப அறுபதாயிரம் யூனிட்டுன்னு உங்க சித்திகிட்ட சொன்னது?"ன்னு கேட்டார். பதில் சொல்ல மனசு வரலை.

உங்க வீட்டுலயும் ஒரு சித்தப்பா இருப்பார். பேங்க் தம்பி வர்றதுக்கு முன்னாடி நீங்க போய்ப் பேசிடுங்க.

டிஸ்கி: நான் ஏஜென்ட் இல்லை, ஆலோசகரும் இல்லை. பின்னூட்டத்துல 'எந்த ஃபண்ட் வாங்கலாம்'னு கேட்டா பதில் வராது. பேங்க்குல வேலை பார்க்கிற பதிவர்கள் திட்டணும்னா தாராளமா வரலாம் :-)