சரிந்த ஆசனம்

புதுக்கோட்டைச் சாலையிலுள்ள திருச்சி விமான நிலையத்திலிருந்து 2018 அக்டோபர் 12 பின்னிரவில் துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் அன்டெனாவையும் மதிற்சுவரையும் இடித்துக்கொண்டே மேலெழுந்தது. 136 பேர் உயிர் தப்பியது தெய்வாதீனமே. ஓட்டத்தின் நடுவே தலைமை விமானியின் ஆசனச் சாய்மானம் சரிந்தது. விசைப்பிடி அவர் கையோடு பின்வாங்கிற்று. விசை குறைந்ததை இருவருமே கவனிக்கவில்லை என்கிறது விசாரணை அறிக்கை. ஒருவர் தடுமாறுகையில் மற்றவர் கருவிகளைப் பார்ப்பதற்கன்றோ இரண்டாம் விமானி? விமானிகளை மட்டும் தண்டித்துக் கோப்பை மூடுவது நியாயமாகாது. ஆசனத்தைப் பழுதின்றி வைப்பது கம்பெனியின் பொறுப்பு. கடன்பட்டு டிக்கட் வாங்கி வளைகுடாவுக்குக் கூலிக்குச் செல்லும் புதுக்கோட்டைச் சீமையார் ஏறும் விமானங்கள் இவை. ஆசனச் சோதனையும் விமானிகளின் பயிற்சியும் எவ்விதம் நடைபெறுகின்றன என்பதை விமானப் போக்குவரத்து இலாகா ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.