மலர்க் கண்காட்சிக்குக் கடைசி நாள் போங்கள்

 

ஏற்காடு கோடை விழா என்றால் எல்லாரும் முதல் நாளே அண்ணா பூங்காவுக்கு ஓடுகிறார்கள். இந்த மே மாதம் நான் பேரனைக் கடைசி நாள் சாயங்காலம் கூட்டிப் போனேன். பூவால் செய்த உருவங்கள் கருகி, உள்ளே இருந்த கம்பிக்கூடு தெரிந்தது. "ஏம்ப்பா, வாடினதையா அவனுக்குக் காட்டறீங்க?" என்று மகள் சலித்துக்கொண்டாள்.

ஓவிய ஆசிரியராக இருந்தவனிடம் இதற்குப் பதில் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்து ஓவியர்கள் வாடுவதையும் அணைவதையுமே ஒரு தனி வகையாக வரைந்தார்கள். பீட்டர் கிளாஸ் 1630இல் வரைந்த படம் ஹேக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மண்டை ஓடு, சட்டைப்பைக் கடிகாரம், கவிழ்ந்த கண்ணாடிக் கோப்பை, அணைந்த விளக்கு. கப்பல் வியாபாரத்தில் பணம் குவித்த நாடு தனக்குத் தானே சொல்லிக்கொண்ட சேதி அது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1627இல் அவரே வரைந்த விருந்து மேசை. வான்கோழி, எலுமிச்சை எல்லாவற்றுக்கும் நடுவில், பஞ்சாங்கத் தாளைச் சுருட்டிய பொட்டலத்தில் மிளகு! நம் காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில் ஏறுகிறதே, அதே மிளகு. நம் மளிகைக் கடையில் பழைய காலண்டர் தாளில் மடித்துத் தந்தது ஞாபகம் வருகிறதா?

பள்ளியில் இருந்தபோது ஒரு கமலா ஆரஞ்சை மேசையில் வைத்து, வாரம் ஒருமுறை எட்டாம் வகுப்பை வரையச் சொன்னேன். மூன்றாவது வாரம், சுருங்கிப் பச்சைப் பூஞ்சை பிடித்த பழத்தைப் பார்த்து வரைந்த படங்கள்தான் நன்றாக வந்தன. அன்றைக்குத்தான் பிள்ளைகள் பழத்தை உற்றுப் பார்த்திருந்தார்கள். ஒரு பெற்றோர் 'அபசகுனம்' என்று புகார் சொன்னார்; நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்திவிட்டேன். வாதாடியிருக்க வேண்டும்.

போன வருஷம் என் மனைவி தவறியபோது பேரனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். பாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்தோம். நானும் சேர்ந்துதான் சொன்னேன். நாலு மாதம் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினான். பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துச் செய்த காரியம் இது!

பூங்காவில் வாடிய ரோஜா ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "பாட்டியும் இப்படித்தானா தாத்தா?"

ஆமாம் என்றேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் மிளகாய் பஜ்ஜி வேண்டும் என்றான். ஏரிக்கரைக்கு நடந்தோம்.