கண்மதிப்பில் ஓடும் கடைசல்

காத்தான்குடியில் எந்தக் கடையிலும் ஒரு கிலோ ஆணியைக் கண்மதிப்பில் அள்ளிக் கொடுப்பதில்லை. தராசில் வைத்தே கொடுக்கிறோம். ஆனால் பல ஆயிரம் ரூபா பெறுமதியான உருக்கை லேத் மெஷினில் ஏற்றும்போது மட்டும் நமது பட்டறைகள் பலவற்றில் கண்மதிப்பே கணக்காக இருக்கிறது.

நானும் அதில் அடிபட்டவன். வாழைச்சேனைத் துறைமுகத்து வள்ளக்காரர் ஒருவருக்காக 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட் ஒன்றை எடுப்பித்து, பட்டறை ஒன்றில் கடையக் கொடுத்தேன். பொடியன் கெட்டிக்காரன்தான். அவசர வேலை என்று மெஷினை 500 சுற்றில் விட்டுவிட்டான். டூல் முனை கருகி மழுங்கியது. மழுங்கிய டூல் வெட்டாமல் உரசியதில் உருக்கின் மேற்பரப்பு இறுகி, அளவும் கெட்டது. ஷாஃப்ட் பழைய இரும்புக்குப் போனது. "இனி எத்தனை நாள் காக்கா?" என்று வள்ளக்காரர் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

கணக்கு மிக எளிது. டூல் முனையைக் கடந்து உருக்கு நிமிடத்துக்கு எத்தனை மீற்றர் ஓடுகிறது என்பதே வெட்டு வேகம். ஹைஸ்பீட் ஸ்டீல் டூல் என்றால் மைல்ட் ஸ்டீலுக்குச் சுமார் 30 மீற்றர், ஸ்டெயின்லெஸுக்குச் சுமார் 18 மீற்றர். இதை 318 ஆல் பெருக்கி, மில்லிமீற்றரில் எடுத்த விட்டத்தால் வகுத்தால் நிமிடத்துக்குரிய சுற்றுக்கள் வரும். அந்த ஷாஃப்டுக்கு 143 சுற்று. மெஷினில் அதற்குச் சற்றுக் கீழே உள்ள வேகத்தைப் போட்டிருந்தால் போதும். 500 சுற்று என்பது மூன்று மடங்குக்கும் மேல்.

அடுத்தது ஃபீட். சுற்றொன்றுக்கு டூல் 0.2 மில்லிமீற்றர் நகர்ந்தால், 140 சுற்றில் நிமிடத்துக்கு 28 மில்லிமீற்றர். 100 மில்லிமீற்றர் நீளத்துக்கு ஒரு வெட்டு மூன்றரை நிமிடம். எத்தனை வெட்டு என்று தெரிந்தால் நேரம் தெரியும். நேரம் தெரிந்தால் நியாயமான கூலியும் சொல்லலாம். கூலியில் வரும் சண்டை பாதி குறையும்.

அமெரிக்கரான ஃபிரெட்ரிக் டெய்லர் 26 வருடங்கள் உலோகம் வெட்டிப் பரிசோதித்து, 1906 இல் முடிவுகளை வெளியிட்டார். அவர் காட்டிய விதிப்படி, ஹைஸ்பீட் ஸ்டீல் டூலின் வேகத்தைப் பத்து வீதம் கூட்டினாலே அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அவசரம் லாபம் தராது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பட்டறை முதலாளிமாருக்கு என் வேண்டுகோள் இதுதான். விட்டமும் சுற்றும் எழுதிய அட்டவணை ஒன்றை மெஷினுக்கு மேலே ஒட்டுங்கள். டூல் முனை சென்டர் உயரத்தில் இருக்கிறதா, நீண்ட ஷாஃப்டின் மறுமுனை டெயில்ஸ்டொக்கில் தாங்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பின்பே சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். பொடியன்மாரை மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களுக்கு அனுப்பி என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்க வையுங்கள். கைப்பழக்கம் அவர்களிடம் ஏற்கனவே இருக்கிறது. கணக்கையும் கொடுத்தால் நமது வேலை கொழும்புக்குப் போகாது.