ஐந்து உதாரணங்கள் ஒரு நிறுவல் ஆகுமா?

எண் கோலம் பற்றிய வினாக்களில் மாணவர்கள் பலர் விடும் தவறு ஒன்று உண்டு. முதல் மூன்று, நான்கு உறுப்புகளைப் பார்ப்பார்கள். ஒரு விதி தென்படும். "எல்லா உறுப்புகளுக்கும் இது பொருந்தும்" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவார்கள். இதே தவறைக் கணித மேதை ஒருவரும் விட்டிருக்கிறார்.

பிரான்ஸ் நாட்டவரான பேர்மா, 1640 ஆம் ஆண்டளவில் பின்வரும் எண்களை ஆராய்ந்தார்.

2¹ + 1 = 3
2² + 1 = 5
2⁴ + 1 = 17
2⁸ + 1 = 257
2¹⁶ + 1 = 65 537

சுட்டி ஒவ்வொரு தடவையும் இருமடங்காகிறது. ஐந்து எண்களுமே முதன்மை எண்கள். ஆகவே இவ்வகை எண்கள் யாவும் முதன்மை எண்களே என அவர் நம்பினார். ஆனால் அதனைத் தம்மால் நிறுவ முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

அடுத்த எண் 2³² + 1. இதில் எத்தனை இலக்கங்கள்? மடக்கை அட்டவணையின்படி 32 × 0.3010 = 9.632. சிறப்பியல்பு 9 ஆதலால் 10 இலக்கங்கள். அந்த எண் 4 294 967 297. கணிகருவி இல்லாத காலத்தில் இதன் காரணிகளைத் தேடுவது இலகுவான வேலையல்ல. ஏறத்தாழ 90 ஆண்டுகளின் பின்னர், 1732 இல், ஓயிலர் என்பவர் விடையைக் கண்டார்.

4 294 967 297 = 641 × 6 700 417

அது ஒரு சேர்த்தி எண்! பேர்மாவின் நம்பிக்கை ஆறாவது எண்ணிலேயே பொய்த்தது.

641 இனால் இது வகுபடும் என்பதை நீள்வகுத்தல் இன்றி, நீங்கள் கற்ற சுட்டி விதிகளைக் கொண்டே காட்டலாம்.

641 = 625 + 16 = 5⁴ + 2⁴. எனவே 2⁴ = 641 − 5⁴.
2³² = 2⁴ × 2²⁸ = 641 × 2²⁸ − 5⁴ × 2²⁸
5⁴ × 2²⁸ = (5 × 2⁷)⁴ = 640⁴
ஆகவே 2³² + 1 = 641 × 2²⁸ − (640⁴ − 1)

இரு வர்க்கங்களின் வித்தியாசத்தின்படி,
640⁴ − 1 = (640² + 1)(640 + 1)(640 − 1)

இதில் 640 + 1 என்பது 641. இரண்டு உறுப்புகளிலும் 641 காரணியாக இருப்பதால் முழு எண்ணும் 641 இனால் மீதியின்றி வகுபடும்.

இந்த எண்ணின் முதன்மைக் காரணி எதுவும் 64 இன் மடங்கிலும் 1 கூடியதாகவே இருக்கும் எனவும் ஓயிலர் நிறுவினார். 641 வரை 116 முதன்மை எண்கள் உள்ளன. இவ்விதியை அறிந்தவர் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்தை மட்டும் சோதித்தால் போதும். சிந்தனை வேலையைக் குறைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

2³² + 1 இலிருந்து தொடர்ச்சியாக 28 எண்கள் சேர்த்தி எண்கள் என அறியப்பட்டுள்ளன. அப்படியாயின் எஞ்சியவை யாவும் சேர்த்தி எண்கள் எனலாமா? கூடாது. அதனை இன்றுவரை எவரும் நிறுவவில்லை. ஐந்தை நம்பி ஏமாந்தவர்கள் இருபத்தெட்டை நம்பியும் ஏமாறலாம்.

கோலத்தைத் தேடுவது பிழை என்று நான் கூறவில்லை. ஊகம் இன்றிக் கணிதம் வளராது. ஆனால் ஊகம் தொடக்கம் மட்டுமே. காரணம் காட்டிய பின்னரே அது விடையாகும். "காட்டுக", "நிறுவுக" என்ற சொற்களைக் கண்டால் சில உதாரணங்களை எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். அட்சரகணிதத்தில் பொது உறுப்பை எழுதி, ஒவ்வொரு படிக்கும் காரணம் கூறுங்கள். புள்ளிகள் அந்தப் படிகளுக்கே உரியவை.

செய்து பாருங்கள்: ஓர் எண்ணின் வர்க்கத்துடன் அதே எண்ணையும் 41 ஐயும் கூட்டுக. 0 முதல் 39 வரை எந்த முழுவெண்ணை எடுத்தாலும் முதன்மை எண்ணே கிடைக்கும். 40 ஐ எடுத்தால் என்ன நிகழும்? காரணத்துடன் விளக்குக.