ஒளி கடுமை

நண்பர் ஒருவர் எடுத்த படம். வற்றிய ஏரி. சித்திரை மாத நண்பகல். ஓர் ஆள்காட்டி தன் முட்டைகளின் மேல் நிற்கிறது. உட்காரவில்லை, நிற்கிறது. அலகு பிளந்திருக்கிறது. சூரியன் உச்சியில் இருப்பதால் அதன் நிழல் பக்கவாட்டில் சாயாமல் நேர் கீழே விழுந்து கிடக்கிறது. அந்த நிழலுக்குள் நான்கு முட்டைகள். சுற்றிலும் அவற்றைப் போலவே புள்ளி விழுந்த கற்கள். படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பினார். நடுவர் குறிப்பு இரண்டே வரி: ஒளி கடுமை. பின்னணி குழப்பம்.

இந்த இரண்டு வரிகளோடுதான் என் சண்டை.

பறவைப் படத்துக்கு ஓர் இலக்கணம் தயாராகிவிட்டது. வெயில் ஏறுமுன் எடு, அல்லது இறங்கியபின் எடு. சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். பறவையின் கண்ணில் ஓர் ஒளிப்பொட்டு மின்னவேண்டும். அது பார்க்கும் பக்கத்தில் இடம் விடு. பின்னணியை வழித்தெடுத்துவிடு. தனித்தனியே இவற்றில் ஒன்றும் குற்றமில்லை. எல்லாம் சேர்ந்து கிடைத்திருப்பது ஸ்டூடியோ. நம் ஊர்ப் பழைய ஸ்டூடியோக்களிலாவது திரைச்சீலையில் ஒரு மலையும் ஏரியும் எழுதி வைத்திருப்பார்கள். இங்கே அதுவும் கிடையாது. வெறும் பச்சைக் குழம்பு.

இந்தக் குழம்பு எங்கிருந்து வந்தது? 600 மி.மீ. லென்ஸை எஃப் 4-இல் திறந்து, பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியைக் குறிவைத்தால், தெளிவாக விழும் ஆழம் ஆறேழு சென்டிமீட்டர். மீன்கொத்தியே அதைவிட நீளம். முன்னும் பின்னும் உள்ள நாணல், சேறு, தண்ணீர், தண்ணீருக்குள் மீன் எல்லாம் கரைந்துபோகின்றன. இது கருவியின் வரம்பு. நாளடைவில் இதுவே ரசனை என்று பெயர் பெற்றுவிட்டது. இயலாமைக்குத் தத்துவம் எழுதிக்கொள்வது நமக்கும் புதிதல்லவே. படிமம், படிமம் என்று சொல்லி ஒரு குருவியைத் தெருவிலிருந்தும் வீட்டிலிருந்தும் பிய்த்து வெள்ளைத்தாளின் நடுவே உட்காரவைத்த கவிதைகள் நம்மிடம் எத்தனை! அந்தக் குருவிகளின் கண்ணிலும் ஒளிப்பொட்டு உண்டு.

ஒளிக்கு வருகிறேன். அப்பட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர் 1896-இல் ஒரு விஷயத்தை எழுதினார். பல பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் முதுகு கருமை, வயிறு வெளுப்பு. மேலிருந்து விழும் வெயில் முதுகை வெளிறச் செய்கிறது. வயிற்றில் நிழல் கட்டுகிறது. கருமையும் வெயிலும், வெண்மையும் நிழலும் சரிக்கட்டிக்கொள்ள, உருண்ட உடல் தட்டையாகித் தரையோடு போய்விடுகிறது. (பிற்பாடு தேயர் எல்லை மீறிப் போனார். பூநாரை சிவந்திருப்பது அந்திவானத்தில் ஒளிந்துகொள்ளவே என்று வாதித்து, தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.) வெயிலைக் கணக்கில் வைத்தே தீட்டப்பட்ட உடல் அது. பட்டப்பகலில் வயிற்று நிழலைப் போக்க ஃபிளாஷ் அடிப்பவர் என்ன செய்கிறார்? அந்தக் கணக்கைத் தப்பு என்று அடித்துவிட்டுத் தன் கணக்கை எழுதுகிறார்.

செயற்கை ஒளியே ஆகாது என்பதல்ல என் கட்சி. எரிக் ஹாஸ்கிங் ஆந்தை ஒன்றின் நகத்துக்கு 1937-இல் தன் இடது கண்ணைக் கொடுத்தவர். பிறகும் ஆந்தைகளைவிட்டு அவர் விலகவில்லை. சிறகு விரித்து, அலகில் இரையோடு நிற்கும் அவருடைய கூகை, 1948-இல் ஃபிளாஷில் எடுக்கப்பட்டது. அந்தப் படம் நம்மை ஏமாற்றுவதில்லை. இருட்டு இருட்டாகவே இருக்கிறது. அதில் ஒரு கணம் மனிதன் விளக்கு வைத்தான், அவ்வளவுதான். பகல் ஃபிளாஷ் தன்னை மறைத்துக்கொண்டு, இயற்கையே இப்படித்தான் என்று சாதிக்கிறது.

இதெல்லாம் வெறும் ரசனைத் தகராறு என்பவர்களுக்கு ஒன்று. கூட்டைப் படமெடுக்க மறைக்கும் இலைகளைக் கிள்ளிவிடும் வழக்கம் உண்டு. ஒளி வேண்டும், சட்டத்துக்குள் குறுக்கே எதுவும் வரக்கூடாது. அந்த இலைதான் இறகு முளைக்காத குஞ்சுக்குக் கூரை. காக்கையின் கண்ணுக்குத் திரை. படம் அழகாகத்தான் வருகிறது. மறுநாள் கூட்டில் என்ன இருந்தது என்று படத்தில் இருப்பதில்லை. இரை கட்டி வைப்பது, பாசி படர்ந்த குச்சியைக் கொண்டுவந்து நடுவது, பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது, எல்லாம் இதே குடும்பம்.

நம்மிடையே மா. கிருஷ்ணன் இருந்தார் (1912–1996). அ. மாதவையாவின் மகன். தமிழிலும் எழுதியவர். பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தவர். பல கருவிகளின் பாகங்களைத் தானே இணைத்துக் கட்டிய காமிராவோடு காட்டுக்குள் அலைந்தார். ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950 முதல் இறக்கும்வரை எழுதிய பத்தியில் அவர் வெறும் பறவையை எழுதவில்லை; அது நின்ற இடத்தையும் வேளையையும் சேர்த்தே எழுதினார். அவரை மேற்கோள் காட்டிப் பேசும் சங்கங்களே, அவர் பார்த்த விதத்துக்கு நேர் எதிரான படங்களுக்குப் பரிசு தருகின்றன.

மீண்டும் அந்த ஆள்காட்டி. திறந்த தரையில் முட்டையிடும் பறவைக்குக் கோடையில் அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது மட்டுமல்ல, சூட்டைத் தடுப்பதும்தான். நின்று நிழல் தரும். நீரில் வயிற்றிறகை நனைத்து வந்து முட்டைகளை ஈரமாக்கும். அந்தப் படத்தின் விஷயமே கடுமையான ஒளிதான். குழப்பமான பின்னணிதான் அந்த முட்டைகளின் பாதுகாப்பு. நடுவர்கள் குறை சொன்ன இரண்டையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது, காரணமில்லாமல் நிற்கும் ஒரு பறவை.

நண்பர் அந்தப் படத்தை இனி எங்கும் அனுப்பப்போவதில்லை. அடுத்த கோடையில் காலை ஆறரைக்கே போய்விடப் போகிறாராம். ஆறரை மணிக்கு முட்டைகளுக்கு நிழல் தேவைப்படாது.